சீட்டுக்கு அடியில் கிளி

இந்த வேனுக்கு எஞ்சின் முன்னால் இல்லை.
முன்சீட்டைத் தூக்கினால்
கீழே கிடக்கிறது,
எண்ணெய் வியர்த்து, கன்னங்கரேலென்று.
ஒன்பது வருஷமாய் அதன் மேல்தான்
உட்கார்ந்திருக்கிறேன்.
செந்தூல் சிவப்பு விளக்கில்
அதற்குச் சூடேறினால்
முதலில் எனக்குத்தான் தெரியும்.

மழை பெய்த காலைகளில் அது கத்தும்.
வளைவு திரும்பும்போது ஒரு தரம்,
நின்று கிளம்பும்போது நீளமாய் இன்னொரு தரம்.
மூன்றாம் வகுப்பு யுகேந்திரன்
அதைக் கிளி என்றான்.
"வேன் ஆன்ட்டி, கிளிக்குப் பசிக்குது."
பதினொரு பிள்ளைகளும் கூடவே கத்துவார்கள்.
எது பெல்ட், எது பிள்ளை
எனக்கே குழம்பும்.

ஃபோர்மன் எட்டிப் பார்த்தார்.
இருநூற்று நாற்பது வெள்ளி.
ஜாலான் ஈப்போ சாமான் கடையில்
பெல்ட் இரண்டுக்கும் அறுபத்தெட்டு.
மிச்சம் அவர் கைக்கூலி.
என் கை என்ன கூலி பெறும் என்று
கணக்குப் போட்டபடி வந்தேன்,
கிளி கத்தக் கத்த.

ஞாயிற்றுக்கிழமை, அடுக்குமாடிக்குக் கீழே,
பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுப்
பழைய சாரோங்கை விரித்துப் படுத்தேன்.
கெட்டுப்போனது உள்ளேயிருக்கும் பெல்ட்.
அதை எடுக்க
ஒரு குற்றமும் செய்யாத ஏசி பெல்ட்டை
முதலில் கழற்ற வேண்டும்.
பன்னிரண்டு ஸ்பானர் நழுவியது.
பதினான்கு பிடித்தது.
போல்ட் நகரவில்லை.
காலை டயரில் ஊன்றி இழுத்தபோது
முட்டி தோலுரிந்தது, அப்புறம் நகர்ந்தது.

இரண்டாம் மாடிக் குணாளன்
தேத்தண்ணிப் பையோடு வந்தார்:
அரை இஞ்ச் தளர்வு இருக்கணும்.
சைனா வீட்டு அங்கிள் வந்தார்:
அரை இஞ்ச் கூடாது, கம்பி மாதிரி நிக்கணும்.
இன்னொருவர் வந்து
வேனையே விற்கச் சொன்னார்.
காவல்காரர் தேக் பகதூர் மட்டும்
ஒன்றும் சொல்லாமல் டார்ச் பிடித்தார்,
நான் பார்க்கும் இடத்துக்கு
ஒரு நொடி முன்பே வெளிச்சம் போயிற்று.

புது பெல்ட்டை விசிறியின்
ஒவ்வொரு இதழாய்த் தாண்டவைத்து
உள்ளே அனுப்பினேன்,
தூங்கும் குழந்தைக்குச் சட்டை மாட்டுகிற மாதிரி.
இரும்புக் கம்பியால் ஆல்டர்னேட்டரை நெம்பி
ஒரு கையால் போல்ட்டை இறுக்கினேன்.
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்.
கொஞ்சம் கொடுத்தது.
கொஞ்சம்தான் கொடுத்தது.
போதும் என்று எனக்குப் பட்டது.
ஒரு வாஷர் மிச்சம்.
எங்கிருந்து வந்தது என்று
இன்றுவரை தெரியாது.

திங்கள். ஆறு பத்து. இருட்டு, தூறல்.
வேன் வளைவு திரும்பியது,
எண்ணெயில் கத்தி போவது போல.
எனக்கே பெருமை.
முதல் புளோக்கில் நின்றேன்.
யாரும் இல்லை.
ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம்.
சூராவில் தொழுகை முடியும் நேரம்,
ஹார்னில் கை வைக்கக் கூச்சம்.
நான்காம் மாடியில் ஜன்னல் திறந்து
பவளக்கொடி எட்டிப் பார்த்தாள்:
"வந்துட்டீங்களா? கிளி கத்தலையே!
அது கத்துனாதானே
நான் சப்பாத்து மாட்டுவேன்!"

ஐந்து புளோக்கிலும் இதே கதை.
பள்ளி வாசலில் மாணவத் தலைவன்
பதினொரு பேரையும் எழுதிக்கொண்டான்.

யுகேந்திரன் இறங்கவில்லை.
சீட்டில் காதை வைத்துக் கேட்டான்.
"செத்துப் போச்சா?"
இல்லைடா, பின்சீட்டுக்கு அடியில் தூங்குது என்றேன்.
அவசரத்துக்கு இருக்கட்டும் என்று
பழைய பெல்ட்டை அங்கேதான் சுருட்டி வைத்திருந்தேன்.
குனிந்து பார்த்தான்.
வெகுநேரம் பார்த்தான்.

"ஆன்ட்டி, இது பாம்பு."

இப்போதெல்லாம் ஐந்து இடத்திலும் ஹார்ன் அடிக்கிறேன்.
அதற்கு இன்னும்
யாரும் பெயர் வைக்கவில்லை.